பத்ரிக்குப் போகும் வழியில் ஒரு மாவட்டம்: வாசகர் கேள்வி – பதில்

உத்தராகண்டின் சமோலி மாவட்டம் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பத்ரிநாத்தில் தொடங்கி அங்கேயே முடிகின்றன. இந்த மாவட்டம் சுமார் 8,030 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டரோடு வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 19 மடங்கு. மக்களோ 2011 கணக்கெடுப்பின்படி 3.91 லட்சம்தான். அதனால் கோயிலைத் தாண்டிய கேள்விகளுக்கும் இந்த முறை இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானம், அங்கிருந்து காரில் பத்ரி, தரிசனம், திரும்பல். எல்லாம் நான்கே நாளில் முடித்துத் தருவதாக ஒரு பயண ஏற்பாட்டாளர் சொல்கிறார். ஆகுமா?
– வாசகர், பெரம்பூர்

தாளில் எழுதிப் பார்த்தால் ஆகும். ஆனால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ரிஷிகேஷிலிருந்து பத்ரிநாத் சுமார் 295 கி.மீ. நம் ஊரில் சென்னை–திருச்சி தூரத்தைவிடக் குறைவு. திருச்சிக்கு ஐந்தாறு மணி நேரம் போதும். இங்கே நல்ல வானிலையிலேயே பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஓடிவிடும். ஆற்றை ஒட்டி ஏறி இறங்கும் சாலை, எதிரே பேருந்து வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய வளைவுகள், நடுவில் கல் விழுந்தால் அதை அள்ளி முடிக்கும் வரை காத்திருப்பு. இரவில் இந்தச் சாலையில் யாத்திரை வண்டிகளை ஓடவிட மாட்டார்கள். ஆகவே பகலில் இழந்த நேரத்தை இரவில் ஓட்டி ஈடுகட்ட முடியாது. நான்கு நாள் திட்டத்தில் ஒரு நிலச்சரிவு நடுவில் வந்தால் போவது தரிசனம், அல்லது திரும்பும் விமானம்.

எட்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் விமானத்தில் டேராடூன் போய் ரிஷிகேஷில் தங்கல். ரயிலில் போகிறவர்கள் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரவு சென்ட்ரலில் ஏறினால் மூன்றாம் நாள் காலை டெல்லி, அங்கிருந்து ஹரித்வார். இவர்கள் கணக்கில் போக இரண்டு, வர இரண்டு நாள் கூடுதல். இரண்டாம் நாள் காலை ஐந்து மணிக்கெல்லாம் ரிஷிகேஷை விட்டுக் கிளம்புங்கள். தேவப்பிரயாகை, ஸ்ரீநகர் (இது கர்வால் ஸ்ரீநகர், காஷ்மீரில் இருப்பது வேறு), ருத்திரப்பிரயாகை தாண்டி கர்ணப்பிரயாகையில் சமோலி மாவட்டத்துக்குள் இருப்பீர்கள். அங்கே அலகநந்தாவில் பிண்டார் ஆறு கலக்கிறது; அடுத்த 20 கி.மீ.யில் நந்தப்பிரயாகையில் நந்தாகினி. அலகநந்தாவில் ஆறுகள் கூடும் ஐந்து இடங்களான பஞ்சப் பிரயாகைகளில் இவ்விரண்டும், ஜோஷிமட் அருகே தவுலிகங்கா கலக்கும் விஷ்ணுப்பிரயாகையும் இந்த மாவட்டத்தில்தான் உள்ளன. அன்று இரவு பீப்பல்கோட்டியிலோ ஜோஷிமட்டிலோ தங்கல். மூன்றாம் நாள் பத்ரிக்கு ஏறாதீர்கள், இரவு ஜோஷிமட்டிலேயே தங்கல். காரணம் அடுத்த பதிலில். நான்காம் நாள் நண்பகலுக்குள் பத்ரி, மாலை தரிசனம். ஐந்தாம் நாள் காலை இன்னொரு முறை சேவித்துவிட்டு மானா கிராமம் பார்த்துக் கீழிறங்குங்கள். ஆறாம் நாள் ரிஷிகேஷ். ஏழாம் நாளை எதுவும் போடாமல் விடுங்கள். அது சாலைக்குத் தர வேண்டிய நாள். எட்டாம் நாள் ஊர் திரும்பல்.

புறப்படுமுன் உத்தராகண்ட் சுற்றுலாத் துறையின் சார்தாம் யாத்திரைப் பதிவு கட்டாயம். ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். பதிவில் இருக்கும் பெயரும் அடையாள அட்டைப் பெயரும் ஒத்திருக்கட்டும். நம்மவர்களுக்கு இனிஷியலில்தான் குழப்பம் வருகிறது. அச்சடித்த படி ஒன்று கையில் இருந்தால் சோதனைச் சாவடியில் சிக்னல் தேடி நிற்க வேண்டியதில்லை.

அம்மாவுக்கு 72 வயது. ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டும் மாத்திரையில் கட்டுக்குள் இருக்கின்றன. பத்ரி சேவிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கார் கோயில் அருகே போகிறதே, என்ன சிரமம் என்கிறார் தம்பி.
– வாசகி, நங்கநல்லூர்

கார் அருகே போவதுதான் சிரமமே. நடந்து ஏறுகிறவருக்கு உடல் எச்சரிக்கை தரும். காரில் உட்கார்ந்து ஏறுகிறவருக்கு அது தாமதமாக வரும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், தொட்டபெட்டா உச்சி 2,637. பத்ரிநாத் சுமார் 3,100 மீட்டர். தொட்டபெட்டாவுக்கு மேலே இன்னும் 450 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இரவு தூங்கப் போகிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் சென்னையில் கிடைப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம்.

ஜோஷிமட் சுமார் 1,890 மீட்டர். அங்கிருந்து பத்ரி 45 கி.மீ.தான் என்றாலும் அந்த இரண்டு மணி நேரத்தில் 1,200 மீட்டர் ஏறிவிடுகிறோம். அதனால்தான் ஜோஷிமட்டில் இரண்டு இரவு கேட்கிறோம். நடுவில் உள்ள பகலில் 2,500 மீட்டருக்கு மேல் இருக்கும் ஆலிக்குச் சாலை வழியாகப் போய், இரண்டு மூன்று மணி நேரம் மெதுவாக உலவிவிட்டு, இரவுக்குக் கீழே வந்துவிடுங்கள். பகலில் உயரம், இரவில் தாழ்வு: உடல் இப்படித்தான் பழகும்.

பத்ரியில் முதல் நாள் அம்மா எவ்வளவு தெம்பாக இருந்தாலும் மானாவுக்கு அழைத்துப் போகாதீர்கள். தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல் எதுவானாலும், வேறு காரணம் தெரியும் வரை அதை உயரத்தின் கணக்கில் எழுதுங்கள். ‘பித்தம்’ என்று இஞ்சி கொடுத்துப் படுக்க வைப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஓய்வில் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமலில் நுரை வந்தாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ விடியும் வரை காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவ முகாமுக்குக் கொண்டுபோய், அவர்கள் உதவியோடு கீழே இறக்க வேண்டும். இறங்குவதுதான் மருந்து. கடைகளில் விற்கும் கையடக்க ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களுக்குத்தான் வரும். அதை நம்பித் தங்கக் கூடாது.

உயரத்தால் வரும் தொல்லைக்கான அசிட்டசோலமைடு மாத்திரை முன்கூட்டியே எடுக்கலாமா என்று சென்னையிலேயே மருத்துவரிடம் கேளுங்கள். சல்ஃபா ஒவ்வாமை இருந்தாலோ, ரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டாலோ அதையும் சொல்ல வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் அதை உறையவிடக் கூடாது. இரவில் ஜன்னலோரப் பையில் வைக்காமல் உடலோடு ஒட்டிய பையில் வையுங்கள். குளிரில் சர்க்கரை அளக்கும் கருவி தவறு காட்டும், அல்லது வேலையே செய்யாது. கம்பளிக்குள் வைத்துச் சூடேற்றிவிட்டு அளக்கலாம்.

இன்னொன்று, கோயிலுக்குக் கீழே உள்ள வெந்நீர் ஊற்றான தப்த குண்டம். வெளியே நடுங்கும் குளிர், உள்ளே கொதிக்காத குறைதான். வெந்நீரில் ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் சட்டென்று இறங்கும். நீண்ட நேரம் இருந்துவிட்டு வேகமாக எழுந்தால் மயக்கம் வரும். அம்மா முங்கிக் குளிக்க வேண்டாம். படியில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வது போதும்.

திருமங்கையாழ்வாரின் வதரி (பத்ரி) பாசுரங்களில் ஒரு பதிகம் முழுக்க முதுமையின் தொல்லைகள்தான். கோலூன்றிக் குனிந்து நடக்கும் நிலை வருமுன் வதரியை வணங்குவோம் என்கிறார். அம்மாவின் அவசரம் நியாயமானது. கூடுதலாக இரண்டு இரவு செலவழித்து அழைத்துப் போங்கள்.

திருப்பிரிதி திவ்யதேசம் ஜோஷிமட்தானா? அந்த ஊர் புதைந்துகொண்டிருக்கிறது என்கிறார்களே, தங்கலாமா?
– வாசகர், திருவல்லிக்கேணி

திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி ஜோஷிமட்தான் என்று கொண்டு நரசிம்மர் சன்னிதியைச் சேவிப்பது பரவலான வழக்கம். மானசரோவர் பக்கம் என்று சொல்வோரும் உண்டு. நரசிம்மர் கோயிலுக்கு இன்னொரு சிறப்பும் இருக்கிறது: பத்ரி நடை சாத்திய பிறகு ஆதிசங்கரரின் பீடம் குளிர்காலத்துக்கு இங்கே வருகிறது. ஊரின் பெயர் 2024-இல் அதிகாரபூர்வமாக ஜோதிர்மட் ஆகிவிட்டது. வழிப்பலகைகளில் இரண்டு பெயரும் கண்ணில் படலாம்.

புதைவது உண்மை. ஜோஷிமட் நிற்பது கெட்டிப் பாறை மேல் அல்ல, பழைய நிலச்சரிவு கொண்டுவந்து குவித்த மண்ணும் பாறாங்கற்களும் கலந்த சரிவின் மேல். இங்கே கனத்த கட்டடங்கள் கூடாது, பாறாங்கற்களைப் பெயர்க்கக் கூடாது, மரம் வெட்டக் கூடாது என்று 1976-இலேயே அரசு அமைத்த மிஸ்ரா குழு எச்சரித்தது. ஊர் வளர்ந்தது, கழிவுநீருக்கும் மழைநீருக்கும் சரியான வடிகால் வளரவில்லை. அடியிலிருக்கும் மண்ணை நீர் அரித்தது. 2023 ஜனவரியில் எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் கண்டது. குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன, சாய்ந்து நின்ற ஓட்டல்கள் இடிக்கப்பட்டன.

ஓரிரு இரவு தங்குவது பயணிக்குப் பெரிய ஆபத்து அல்ல. அறையைப் பார்க்கும்போது சுவரின் மூலைகளில் சாய்வாக ஓடும் புது விரிசல், மூடாத கதவு, சரிந்த தளம் இருந்தால் வேறிடம் தேடுங்கள். மழை கொட்டும் நாள்களில் 35 கி.மீ. கீழே பீப்பல்கோட்டியில் தங்குவது நிம்மதி. தண்ணீரை வீணாக்காதீர்கள். அந்த ஊரில் நாம் ஊற்றும் ஒவ்வொரு வாளியும் அந்தச் சரிவுக்குள்தான் இறங்குகிறது.

பத்ரியில் பூசை செய்வது தென்னாட்டவர் என்பது உண்மையா?
– வாசகி, மேற்கு மாம்பலம்

உண்மை. தலைமை அர்ச்சகரை ராவல் என்பார்கள். கேரள நம்பூதிரி சமூகத்தைச் சேர்ந்தவர்தான் அந்தப் பொறுப்புக்கு வருவார். ஆதிசங்கரர் வகுத்த முறை என்பது மரபு. நடை திறக்கும் நாளை வசந்த பஞ்சமியன்று நரேந்திரநகர் அரண்மனையிலும், சாத்தும் நாளை விஜயதசமியன்றும் அறிவிக்கிறார்கள். பயணத் தேதியை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.

பூக்களின் பள்ளத்தாக்கு மழைக்காலத்தில்தான் பூக்கிறது. மழைக்காலத்தில் மலைப்பாதையில் போகாதே என்றும் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?
– வாசகர், வேளச்சேரி

இரண்டும் சரி, இரண்டையும் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். பள்ளத்தாக்கு ஜூன் முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். ஜூனில் பனி உருகும் ஓடைகள், பூ குறைவு. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை பூ உச்சம். அதே வாரங்களில்தான் சாலையும் அடிக்கடி மூடும். ஆகஸ்ட் கடைசி வாரம், செப்டம்பர் முதல் வாரம் என்று வைத்தால் பூ கொஞ்சம் குறைந்திருக்கும், மழை தணியத் தொடங்கியிருக்கும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அதையே சொல்வோம்.

வழி இப்படி: ஜோஷிமட்டிலிருந்து 20 கி.மீ. கோவிந்த்காட். அங்கிருந்து 4 கி.மீ. புல்னா வரை ஷேர் ஜீப். பிறகு சுமார் 10 கி.மீ. நடந்து, 3,000 மீட்டரைத் தாண்டி, காங்கரியா. கோவேறு கழுதை, டோலி, முதுகில் கூடை கட்டித் தூக்கும் கண்டி எல்லாம் இந்த வழியில் கிடைக்கும். பள்ளத்தாக்குக்குள் கழுதைக்கு அனுமதி இல்லை. காங்கரியாவில் குறைந்தது இரண்டு இரவு வேண்டும். அங்கிருந்து ஒரு பாதை பள்ளத்தாக்குக்கு, இன்னொன்று 4,300 மீட்டருக்கு மேல் ஏரிக்கரையில் இருக்கும் ஹேம்குண்ட் சாகிப் குருத்வாராவுக்கு. முதல் நாள் பள்ளத்தாக்கு, மறுநாள் ஹேம்குண்ட் என்ற வரிசையை மாற்றாதீர்கள். ஹேம்குண்ட் ஏற்றம் ஆறு கிலோமீட்டர்தான் என்றாலும் செங்குத்து. பழகாத உடம்போடு முதல் நாளே ஏறுகிறவர்கள் பாதியில் வாந்தியெடுத்துத் திரும்புகிறார்கள். பிரம்மகமலப் பூவைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் ஹேம்குண்ட் பாதைதான் வழி. பறிக்கக் கூடாது.

பள்ளத்தாக்குக்குள் தங்க முடியாது, கடையும் கிடையாது. காலையில் கதவு திறந்ததும் நுழையுங்கள். மதியம் இரண்டுக்குப் பிறகு உள்ளே விட மாட்டார்கள், ஐந்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர், சப்பாத்தி ரோல், பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவர ஒரு பை. குடை வேண்டாம், காற்றில் மடங்கும், கையையும் அடைத்துக்கொள்ளும். முதுகுப்பையோடு சேர்த்து மூடும் போஞ்சோ நல்லது. ஜீன்ஸ் போடாதீர்கள். நனைந்தால் கனக்கும், காய இரண்டு நாள் ஆகும், அதற்குள் தொடை உரசிப் புண்ணாகும். புது ஷூவை முதன்முதலாக அங்கே அணிவதும் கூடாது. ஒரு மாதம் முன்பே வாங்கி, பெசன்ட் நகர் கடற்கரை மணலிலும் வீட்டு மாடிப்படியிலும் பழக்குங்கள். தினம் இருபது மாடி ஏறி இறங்குவது நல்ல பயிற்சி. முட்டியைச் சோதிப்பது ஏறும்போதல்ல, இறங்கும்போது.

சாலையில் ஒரு விதி: மழை நின்று வெயில் அடித்ததும் ஆபத்து போய்விடவில்லை. நீர் ஊறிய மண் பிடியை விட்ட பிறகும் கல் உருளும். புதுச் சரிவுக்கு அடியில் வண்டியை நிறுத்திப் படமெடுக்காதீர்கள்.

இந்த இடத்தை 1931-இல் காமெத் சிகரம் ஏறித் திரும்பிய பிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேய மலையேறி வெளியுலகுக்குச் சொன்னார். 1982-இல் தேசியப் பூங்கா, 2005-இல் யுனெஸ்கோ பட்டியல். ஆடு மேய்த்த உள்ளூர்க்காரர்களுக்கு அதற்கு முன்பே தெரிந்த இடம்தான்.

அங்கே சோறு அரைவேக்காடாகவே வருகிறதாமே! அரிசி சரியில்லையா? தென்னிந்தியச் சாப்பாடு கிடைக்குமா?
– வாசகி, தாம்பரம்

அரிசி மேல் பழி போடாதீர்கள். பத்ரி உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. குக்கர் மூடியிருந்தால்தான் பருப்பு குழையும். குழுவாகச் சமையல்காரரோடு போகிறவர்கள் ஐந்து லிட்டர் குக்கரும் இரண்டு உபரி காஸ்கெட்டும் எடுத்துப் போங்கள். பருப்பை இரவே ஊறப்போடுங்கள். டிகாக்ஷனும் அப்படித்தான், தூளைக் கால் பங்கு கூட்டிப் போட்டால் வாசனை நிற்கும்.

இட்லி, தோசை யாத்திரைக் காலத்தில் சில ஓட்டல்களில் கிடைக்கும். ஆனால் அந்த மண்ணின் உணவு நமக்கு அந்நியமே இல்லை. மண்டுவா என்று அவர்கள் சொல்வது நம் கேழ்வரகு. ரொட்டியாகத் தட்டி நெய்யோடு தருவார்கள். ஜங்கோரா என்றால் குதிரைவாலி. அதில் பாயசம் வைக்கிறார்கள். கஹத் என்பது கொள்ளு. குளிருக்குக் கொள்ளு என்ற நம் பாட்டி வைத்தியம் அங்கேயும் உண்டு. புராஞ்ச் சர்பத் என்று சிவப்பாகக் கொடுப்பது மலைக்காட்டில் பூக்கும் ஒரு மரத்தின் பூவில் செய்தது. அதே இனத்தின் நீலகிரி வகையை நம் மலைகளில் காட்டுப்பூவரசு என்கிறோம். பீப்பல்கோட்டி, ஜோஷிமட் பக்கம் ஓட்டலில் காலையிலேயே சொல்லிவைத்தால் இரவுக்கு மண்டுவா ரொட்டி செய்து தருவார்கள். மெனுவில் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று எண்ணிவிடாதீர்கள்.

மானா கிராமத்தில் பார்த்த மக்கள் யார்? திபெத்தியர்களா?
– வாசகர், அண்ணா நகர்

இல்லை, போட்டியா மக்கள். மானா, நீதி பள்ளத்தாக்குகளில் இருப்பவர்களில் மார்ச்சா, தோல்ச்சா என்ற பிரிவுகள் உண்டு. 1962 போருக்கு முன்பு இவர்கள் கணவாய் கடந்து திபெத்தோடு வணிகம் செய்தார்கள். ஆட்டு முதுகில் தானியம் அங்கே போகும், உப்பும் கம்பளியும் இங்கே வரும். எல்லை மூடியதும் அந்த வாழ்வு ஒரேயடியாக நின்றது. இன்றைக்குக் கம்பளி நெசவு, உருளைக்கிழங்கு, ராஜ்மா, மூலிகை. பனி விழுமுன் ஊரே கீழே உள்ள குளிர்கால வீடுகளுக்கு இறங்கிவிடும். மே மாதம் ஏறும். வாசலில் தறியிலோ ஊசியிலோ கை வைத்திருக்கும் பெண்களிடமே நேரடியாக வாங்குங்கள். கையால் நூற்ற கம்பளி சற்றுச் சொரசொரப்பாக, எண்ணெய் வாசனையோடு இருக்கும். வழுவழுப்பாக, மிக மலிவாக இருந்தால் அது ஆலைச் சரக்கு. அனுமதி கேட்காமல் படமெடுக்காதீர்கள்.

நீதி பள்ளத்தாக்கு வழியிலுள்ள ரைணி கிராமத்தில்தான் 1974 மார்ச் 26 அன்று கௌரா தேவியும் ஊர்ப் பெண்களும் மரம் வெட்ட வந்தவர்களைத் தடுத்து நின்றார்கள். சிப்கோ இயக்கம் என்று நம் பிள்ளைகள் பாடத்தில் படிப்பது இதுதான். அதே ரைணியை ஒட்டித்தான் 2021 பிப்ரவரி 7 அன்று ரோந்தி சிகரத்திலிருந்து பெயர்ந்த பாறையும் பனியும் ரிஷிகங்காவில் வெள்ளமாக இறங்கின. இருநூறு பேருக்கு மேல் மாண்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். அந்த வழியாகப் போகிறவர்கள் ஐந்து நிமிடம் இறங்கி நில்லுங்கள்.

கல்லூரி நண்பர்களோடு ரூப்குண்ட் எலும்புக்கூடு ஏரிக்குப் போகலாமா?
– வாசகர், குரோம்பேட்டை

ஏரி 5,000 மீட்டரை ஒட்டிய உயரம். வழியிலுள்ள பேதினி போன்ற புல்வெளிகளில் இரவு கூடாரம் போட 2018-இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. முகாம் இல்லாமல் அந்த நடை சாத்தியமில்லை. ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று முன்பணம் கேட்கிறவரிடம் வனத்துறை அனுமதித் தாளைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் பணம் கொடுக்க வேண்டாம்.

மே மாத நெரிசல் வேண்டாம். நடை சாத்திய பிறகு, டிசம்பர் – ஜனவரியில் போனால் என்ன இருக்கிறது?
– வாசகி, மயிலாப்பூர்

நிறையவே இருக்கிறது, கூட்டமும் குறைவு. பத்ரியிலிருந்து உத்தவர், குபேரர் திருமேனிகள் பாண்டுகேசுவரம் வந்துவிடும். அங்கே யோகத்யான பத்ரி கோயிலில் வழிபாடு நடக்கும். பஞ்ச கேதாரங்கள் எனப்படும் ஐந்து சிவன் கோயில்களில் ஆண்டு முழுதும் திறந்திருப்பது கல்பேசுவரர் ஒன்றுதான். ஹெலாங்கில் பிரிந்து உர்கம் பள்ளத்தாக்குக்குள் ஜீப்பில் போய், கடைசியில் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். ஆலியில் ஜனவரி முதல் மார்ச் வரை பனி. டிசம்பரில் சில ஆண்டு உண்டு, சில ஆண்டு இல்லை. ஜோஷிமட்–ஆலி ரோப்கார் 2023 விரிசல்களுக்குப் பின் நிறுத்தப்பட்டது, எனவே சாலையை நம்பியே திட்டமிடுங்கள். சக்கரத்துக்குச் சங்கிலி வைத்திருக்கும் உள்ளூர் ஓட்டுநர் வேண்டும். மழை முடிந்த தெளிந்த வானில் 7,816 மீட்டர் நந்தாதேவி ஆலியிலிருந்து நன்றாகத் தெரியும், அதுவும் காலை பத்து மணிக்குள். அதற்குப் பிறகு மேகம் ஏறிவிடும் என்பதால் முந்தின இரவே மேலே தங்கிவிடுங்கள்.